தரங்கம்பாடியும் எங்கள் காரை வீடும்

நம் பக்கத்து ஆட்களுக்கு அறுபது, எழுபது, எண்பது என்று வயது வந்துவிட்டால் திருக்கடையூர்தான். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வேன் பிடித்து, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, காலையில் அபிராமி சந்நிதியில் மாலை மாற்றிக்கொண்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஊர் திரும்பி விடுகிறோம். போகிற வழியில் வைத்தீஸ்வரன் கோயில் பார்ப்பதுண்டு. நேரம் இருந்தால் பூம்புகார். ஆனால் திருக்கடையூரிலிருந்து தெற்கே 8 கிலோமீட்டர் அளவில் இருக்கிற தரங்கம்பாடிக்குப் போய் வந்தவர்கள் என் சுற்றத்தில் ரொம்பக் குறைவு. "அங்க என்ன இருக்கு? ஒரு கோட்டை, கொஞ்சம் இடிஞ்ச வீடு" என்பார்கள்.

என் பீமரத சாந்தியைப் பிள்ளைகள் திருக்கடையூரில் நடத்தி வைத்தார்கள். வேன் திரும்பிய பிறகு நானும் வீட்டுக்காரியும் மட்டும் தரங்கம்பாடியில் இரண்டு நாள் தங்கினோம். கடல் காற்று வாங்குவதற்காக என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. நான் அரசுப் பணியில் முப்பத்து நான்கு வருஷம் கட்டட வேலை பார்த்தவன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடியிருப்பு என்று கட்டியதும் உண்டு. பழையவற்றைப் பழுது பார்த்ததும் உண்டு. அதோடு, தளவாய்புரத்தில் எங்கள் தாத்தா கட்டிய காரை வீட்டை இடிப்பதா, வைத்திருப்பதா என்று குடும்பத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. ஆகவே அந்த ஊரை நான் சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. ஒவ்வொரு சுவரையும் கணக்குப் போட்டுக்கொண்டே பார்த்தேன்.

தரங்கம்பாடிக்குள் நுழைவதே ஒரு வாசல் வழியாகத்தான். வெள்ளையடித்த பெரிய வளைவு. மேலே டென்மார்க் அரசரின் முத்திரை. 1792 என்று ஆண்டு. ஆட்டோவும் மீன்கூடை வைத்த மோட்டார் சைக்கிளும் இன்றைக்கும் அதன் வழியாகத்தான் போகின்றன. உள்ளே நேராகக் கடலை நோக்கி ராஜ வீதி. இரண்டு பக்கமும் தூண் வைத்த பங்களாக்கள், தேவாலயங்கள், பள்ளிக்கூடம். வீதி முடிகிற இடத்தில் கடல். வலது பக்கம் கோட்டை. மெதுவாக நடந்தால்கூட கால் மணி நேரத்தில் ஊரைக் கடந்து விடலாம். அந்தக் கால் மணி நேரத்துக்குள் எழுநூறு வருஷம் இருக்கிறது.

எழுநூறு என்பது மிகையில்லை. கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. ஏறத்தாழ 1305-ல் கட்டப்பட்டது. அப்போது ஊருக்குச் சடங்கன்பாடி என்று பேர் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கோயிலின் முன்பக்கத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது கருங்கல் பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்து, மீந்த பகுதியோடு புதிதாகக் கட்டிச் சேர்த்திருக்கிறார்கள். நம் பாண்டி நாட்டு மன்னன் ஒருவன் சோழ நாட்டுக் கடற்கரையில் கட்டிய கோயில் என்பதால் எனக்குக் கொஞ்சம் சொந்தம் கொண்டாடத் தோன்றியது.

டேனிஷ்காரர்கள் வந்தது 1620-ல். தஞ்சாவூரை அப்போது ஆண்டவர் ரகுநாத நாயக்கர். ஓவே ஜெட்டே என்ற கடற்படைத் தலைவர் வந்து அவரோடு ஒப்பந்தம் செய்தார். ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகை என்று சொல்லப்படுகிறது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மிளகும் துணியும் வாங்கிப்போக வந்தவர்கள் கட்டியதுதான் டான்ஸ்போர்க் என்கிற கோட்டை. கீழே கிடங்கு, சிறை, சிப்பாய்கள் தங்கும் இடம். மேலே அதிகாரிகளின் அறைகளும் அவர்களுடைய வழிபாட்டு இடமும். கூடத்தின் மேற்கூரை ஒட்டகத் திமில் மாதிரி எழும்பி எழும்பி இறங்குகிறது. அந்த வளைவுகளின் கீழே நின்று நான் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "கழுத்து சுளுக்கிக்கிடும், வாங்க" என்று வீட்டுக்காரி கூப்பிட வேண்டியதாயிற்று. கம்பியும் சிமெண்டும் இல்லாமல் செங்கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் வைத்து அத்தனை அகலத்தை மூடியிருக்கிறார்கள்.

பிறகு 1706-ல் சீகன்பால்கும் புளுட்சோவும் வந்து இறங்கினார்கள். ஜெர்மானியர்கள், ஆனால் டென்மார்க் அரசர் அனுப்பி வந்தவர்கள். சீகன்பால்கு மணலில் எழுதிப் பழகும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார் என்று நாம் படித்திருக்கிறோம். அவர் காலத்தில் அச்சு இயந்திரம் வந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் முழுமையாக அச்சேறியது. பக்கத்துப் பொறையாறில் காகித ஆலைகூட வைத்தார்கள். தமிழில் முதன்முதலாக அச்சடித்தது தரங்கம்பாடியில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கொல்லத்தில் 1578-லேயே தமிழ் எழுத்தில் ஒரு நூல் அச்சாகிவிட்டது. ஆனால் ஒரு பட்டறையாக, தொடர்ந்து நடக்கிற வேலையாக அச்சு வேர் பிடித்ததில் தரங்கம்பாடிக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் தமிழ் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் வேலையைத் தொடங்கியதும் இதே ஊரில்தான். அவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு கதை.

இத்தனையும் எப்படி இடிபடாமல் நின்றன என்ற கேள்விதான் என்னை விடாமல் அரித்தது. கடற்கரைச் சுவர்களுக்கு ஆயுள் குறைவு என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

ஒரு காரணம் வரலாற்றில் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். கொஞ்ச காலம் தஞ்சை மாவட்டக் கலெக்டர் இங்கே இருந்து ஆண்டார். பிறகு 1860-ஐ ஒட்டி அந்த அலுவலகம் தஞ்சாவூருக்குப் போய்விட்டது. 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. சரக்கும் கப்பலும் அங்கே போயின. தரங்கம்பாடிக்கும் ஒரு ரயில் வந்தது. மாயவரத்திலிருந்து 1926-ல் போட்ட மீட்டர்கேஜ் பாதை. அதுவும் 1986-ல் நின்றுவிட்டது. ஆக, ஊருக்கு வளர்ச்சி வரவில்லை. வளர்ச்சி வராத ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட யாரிடமும் காசு இருக்காது. அதனால் பழையது அப்படியே நின்றுவிட்டது.

நம் ஊர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பஞ்சும் மில்லும் கொழித்த ராஜபாளையத்தில் எத்தனை பழைய வீடுகள் மிச்சம் இருக்கின்றன? காசு வந்தது, கான்கிரீட் வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிழைப்பு நடக்கிற ஊரில் வீடுகள் மாறத்தான் செய்யும். தரங்கம்பாடிக்காரர்கள் நம்மைவிடப் பழமையின் மேல் பக்தி கொண்டவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். வறுமை அந்த வீடுகளை இடிக்காமல் வைத்திருந்தது. ஆனால் வறுமையால் பழுது பார்க்க முடியாது. சும்மா நிற்கிற கட்டடம் மெல்ல மெல்ல விழத்தான் செய்யும்.

அமெரிக்காவின் தென்கிழக்கில், தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்த ஊரும் நொடித்துப் போனது. அங்கேயும் அதனாலேயே பழைய வீடுகள் வரிசை வரிசையாகத் தப்பின. 1931-ல் அந்த நகராட்சி ஒரு சட்டம் போட்டது. தனித்தனிக் கட்டடத்தை மட்டும் காப்பதோடு நிற்காமல், ஒரு பகுதி முழுவதையும் வரலாற்றுப் பகுதி என்று அறிவித்து, வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற ஒரு குழுவின் அனுமதி வாங்க வேண்டும் என்று விதித்தது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட சட்டம் அதுதான் முதல். வீடுகள் காப்பாற்றப்பட்டன. ஆனால் போகப் போக விலை ஏறி, தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்த கறுப்பின மக்கள் பலர் ஊரை விட்டு வெளியேற வேண்டி வந்தது. வீடு மிஞ்சி ஆள் போனதும் ஓர் இழப்புதானே.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். காரைச் சுவர் எப்படிச் சாகிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வயதாகிவிட்டது, அதனால் விழுகிறது என்பார்கள். சுண்ணாம்புக்கு அப்படி வயதாவதில்லை. காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து இழுத்து, வருஷம் ஆக ஆக அது கல்லாகிக்கொண்டே போகும். காரைச் சுவர் மூச்சு விடும். அடியிலிருந்து ஏறுகிற ஈரமும், மழையில் நனைகிற ஈரமும் அதன் மேற்பூச்சு வழியாக வெளியே போய்விடும். அந்தச் சுவர் மேல் வெடிப்பைப் பார்த்துவிட்டுச் சிமெண்ட் பூச்சு பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஈரத்தோடு உப்பும் இருக்கிறது. கடற்கரையில் கேட்கவே வேண்டாம். உப்பு உள்ளே பூத்து, செங்கல்லை மாவு மாதிரி உதிர வைக்கும். வெளியே சிமெண்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே சுவர் பொரிந்துகொண்டிருக்கும். நல்லது செய்வதாக நினைத்துச் செய்த பூச்சே சுவரைக் கொல்வதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது எதிரி கூரை. ஓடு ஒன்று நகர்ந்தால் போதும். தண்ணீர் உத்தரத்தின் முனையில் இறங்கும். அந்த முனை சுவருக்குள் புதைந்திருப்பதால் வெளியே தெரியாது. நாலு வருஷத்தில் தேக்கே ஆனாலும் இற்றுப்போகும். மூன்றாவது எதிரி, சுவர் இடுக்கில் காக்கை போட்ட அரச விதை. முளைக்கும்போது இரண்டு விரலால் பிடுங்கி எறியலாம். மூன்று வருஷம் விட்டுவிட்டால் சுவரைப் பிரிக்காமல் வேரை எடுக்க முடியாது.

இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஓர் ஆள் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். பார்க்கிற ஆள் இருப்பது அந்தக் கட்டடத்தில் ஏதாவது ஒரு வேலை நடந்தால்தான்.

தரங்கம்பாடியில் இது கண்ணெதிரே தெரிகிறது. ராஜ வீதியில் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் மூன்று நூற்றாண்டு தாண்டியும் திடமாக நிற்கிறது. முகப்பில் டென்மார்க் அரசரின் முடியெழுத்து. உள்ளே, 1719-ல் முப்பத்தாறு வயதில் இறந்துபோன சீகன்பால்கின் கல்லறை. நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. உள்ளே ஆராதனை நடந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்புகள், சைக்கிள்கள். பூச்சில் ஒரு விரிசல் விழுந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நூறு பேர் கண்ணில் பட்டுவிடும். இதற்கு மேல் ஒரு கட்டடத்துக்கு என்ன காவல் வேண்டும்?

கோட்டையின் கதையும் அதுவே. ஆங்கிலேயர் வாங்கிய பிறகு அந்தக் கோட்டைக்கு ராணுவ வேலை எதுவும் இல்லை. ஆனாலும் அது பாழாகவில்லை. ரொம்ப காலம் அதிகாரிகள் வந்து தங்கும் பயணியர் பங்களாவாக இருந்தது. 1970களின் கடைசியில் மாநிலத் தொல்லியல் துறை ஏற்றுக்கொண்டு அருங்காட்சியகம் ஆக்கியது. நூறு வருஷத்துக்கு மேல் யாரோ ஒரு வாட்ச்மேன் அதைக் கூட்டிப் பெருக்கி, கதவைத் திறந்து மூடியிருக்கிறார். அவர் பெயரை எந்தக் கல்வெட்டிலும் எழுதவில்லை. ஆனால் கோட்டை மிஞ்சியதில் அவருக்குப் பங்கு உண்டு என்பது என் கட்சி. மதுரை திருமலை நாயக்கர் மகாலும் இப்படித்தான். நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் சொன்ன பிறகு, 1970 வரை அங்கே கோர்ட் நடந்தது. வக்கீல்களும் கட்சிக்காரர்களும் மிதித்த மிதியில்தான் அந்தத் தூண்களுக்கு உயிர் நின்றது.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி இந்த ஊரைக் கடுமையாகத் தாக்கியது. கரையோர மீனவர் குடியிருப்புகளில் உயிரிழப்பு அதிகம். அதன் பிறகு மறுவாழ்வு வேலைகளோடு பழைய தெருக்களின் மேலும் கவனம் திரும்பியது. டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகம் பழைய ஆளுநர் பங்களாவைச் சீர்செய்ய உதவியது. இன்டாக் அமைப்பு, கோல்ட்ஸ்மித் தெரு என்று வரைபடத்தில் காண்கிற பொற்கொல்லர் தெருவில் நம் தமிழ்ப் பாணி வீடுகளைப் பழைய முறைப்படியே எடுத்துக் கட்டியது. திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு, உள்ளே முற்றம். கோட்டையைவிட, தேவாலயத்தைவிட, என்னை நிறுத்தி வைத்தது அந்தத் தெருதான். ஏனென்றால் அது நம் தெரு மாதிரி இருந்தது.

அந்த வட்டாரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் தூணைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு, "வாங்க தம்பி, உள்ள வந்து பாருங்க. எல்லாரும் வாசல்ல நின்னு படம் புடிச்சிட்டுப் போயிடுறாங்க" என்றார். எழுபது வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஆள் இருந்ததே சந்தோஷமாக இருந்தது. உள்ளே முற்றத்தில் வெயில் விழுந்து கிடந்தது. ஓடு எல்லாம் ஒழுங்காக இருந்தது. "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றேன்.

"வருசா வருசம் ஐப்பசிக்கு முன்னாடி ஓட்டு மேல ஆளு ஏறணும் தம்பி. பேரன் துபாய்லேருந்து பணம் அனுப்புறான். பணமா கூரை மேல ஏறும்? ஆளுதானே ஏறணும். ஏறுற ஆளு இப்ப ஒருத்தர்தான் இருக்காரு. அவருக்கும் முட்டி வலி" என்றார்.

முப்பத்து நான்கு வருஷத்தில் நான் எழுதிய மதிப்பீடுகளில் இல்லாத ஒரு கணக்கு அந்தப் பேச்சில் இருந்தது.

சட்டத்தால் இதற்கு முழு வழி கிடைக்காது. மத்தியத் தொல்லியல் துறை காக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். மாநிலத் துறையின் சின்னங்களுக்கு 1966-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. இவை எல்லாம் இடிக்காதே, மறைக்காதே என்று சொல்லும். ஓட்டு மேல் ஏறு என்று எந்தச் சட்டமும் ஆள் அனுப்பாது.

புதுச்சேரியில் இரண்டு பக்கமும் பார்க்கலாம். தமிழர் பகுதியில் வைசியாள் தெருவை வீட்டுக்காரர்களும் இன்டாக்கும் சேர்ந்து மீட்டெடுத்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அதே ஊரில் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம், எல்லோரும் அதன் அருமை தெரிந்தே பேசிக்கொண்டிருந்தபோது, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. மறுபடி அதே தோற்றத்தில் கட்டி 2021-ல் திறந்தார்கள். புதிய கட்டடம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரை ஒழுக ஆரம்பித்த நாளில் பார்த்திருந்தால் ஆகியிருக்கும் செலவு எவ்வளவு, பிறகு ஆன செலவு எவ்வளவு என்று கட்டட வேலை தெரிந்த எவரும் ஊகிக்கலாம்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

தாத்தா பருத்தித் தரகு செய்தவர். தளவாய்புரத்தில் அவர் அந்த வீட்டைக் கட்டியபோது சுண்ணாம்பை மாட்டைக் கட்டிச் செக்கில் அரைத்தார்களாம். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் கலந்து புளிக்க வைத்தார்களாம். திண்ணை, தார்சா, பட்டாசல், அடுப்படி, புறவாசல். பட்டாசலுக்கு மேலே மட்டப்பா. தேக்கு உத்தரத்தின் மேல் கட்டைகளைப் பரப்பி, செங்கல்லை நெடுக்காகச் செருகி, செங்கல் ஜல்லிக் காரை போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் மரப்பலகையால் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்தது. நாங்கள் நாலு பேரும் பிறந்தது அந்தப் பட்டாசலில்தான். அம்மா போன பிறகு ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது.

ஊரில் இருக்கிற தம்பி நைட்டி தைக்கும் யூனிட் நடத்துகிறான். நம் தளவாய்புரத்து நைட்டி எங்கெங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இருக்கிற இடம் வாடகை. மிஷின்களுக்கு இடம் போதவில்லை. வீட்டை இடித்துக் கீழே யூனிட், மேலே இரண்டு வாடகை வீடு என்பது அவன் திட்டம். அக்காவும் தங்கையும் அவன் பக்கம். அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. "அண்ணே, நீங்க வருசத்துக்கு ரெண்டு தடவ வந்து தூணத் தடவிப் பாத்துட்டுப் போறீங்க. மழ பெஞ்சா வாளி வைக்கிறது நாந்தான். எனக்கு ரெண்டு பயலுக இருக்கானுக. அவனுக பொழைக்க வேண்டாமா?"

தரங்கம்பாடியிலிருந்து வந்த பிறகு நான் அவனிடம் வீட்டின் பெருமை பேசவில்லை. தாத்தாவின் பேரையும் எடுக்கவில்லை. ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு போனேன். தார்சாவில் சரக்கு வாங்க வருகிறவர்கள் உட்காருகிற இடம். பட்டாசலில் துணி வெட்டும் மேசை. மட்டப்பாவுக்குக் கீழே வெயில் காலத்திலும் குளுமையாக இருக்கும். தையல் மிஷின்களுக்குப் புறவாசலில், கிணற்றடியைத் தாண்டிக் கிடக்கிற காலி இடத்தில் தகரக் கூரை போட்டு ஒரு நீளக் கொட்டகை. அவன் கேட்ட மிஷின் எண்ணிக்கை எல்லாம் அதில் உட்காரும். வாடகை வீடு மட்டும் வராது. அந்த வருமானத்தில் என் பங்கு எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மட்டப்பாவைச் சரிசெய்யும் செலவும் என் பென்ஷனிலிருந்து.

தம்பி வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தான். "ஒரு வருசம் பாப்போம்ணே. இந்த மழைக்கு ஒழுகுச்சுன்னா அடுத்த நாள் ஜேசிபிதான். அப்ப எதுவும் சொல்லக் கூடாது" என்றான். ஒப்புக்கொண்டேன்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் திருப்பணிகளில் வேலை செய்த ஒரு பெரியவர் கிடைத்தார். அவர் வந்து முதலில் செய்தது, எப்போதோ யாரோ பட்டாசல் சுவரில் பூசியிருந்த சிமெண்டைக் கொத்தி எடுத்ததுதான். உள்ளே செங்கல் ஈரமாக இருந்தது. "ரெண்டு மாசம் அப்படியே வெறும் சுவரா காயட்டும் சார். மூச்சு விடட்டும்" என்றார். உத்தரம் ஒன்றின் முனை இற்றிருந்தது. அதை மட்டும் வெட்டி, பழைய தேக்கிலேயே ஒட்டுப்போட்டோம். மட்டப்பாவில் விரிந்த தட்டோடுகளைப் பெயர்த்து, புதுக் காரை போட்டுத் தட்டினோம். தம்பியின் மூத்த மகன் மூன்று நாள் கொத்தனாரோடு மேலேயே இருந்தான். எந்த மூலையில் தண்ணீர் வடிகிறது, எங்கே அரசங்கன்று முளைத்திருந்தது என்று அவனுக்கு இப்போது தெரியும். நான் செய்த செலவில் உருப்படியானது அதுதான் என்று நினைக்கிறேன்.

வேலை முடிந்ததும் வழக்கம்போல மட்டப்பாவில் பாத்தி கட்டி, இரண்டு அங்குலத் தண்ணீர் விட்டு மூன்று நாள் நிறுத்தினோம். கீழே பட்டாசலில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் வடகிழக்கு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்தது.

நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவன் ஏணியை எடுத்துச் சாத்தி, மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். கையில் ஒட்டிய காரையைத் தட்டிக்கொண்டே, "அந்த மூலைக்கு இன்னும் ரெண்டு சட்டி காரை கலக்கச் சொல்லுங்கண்ணே" என்றான்.